தமிழ் மாணவரும் ஆங்கில எதிர்மறையும்

ஆங்கில இலக்கணக் கையேடுகள் இரு கட்டளைகளைத் தவறாது கூறுகின்றன. முறைசார்ந்த எழுத்திற் சொற்களைச் சுருக்கலாகாது என்பது ஒன்று; ஒரு வாக்கியத்தில் இரு எதிர்மறைகளை வைக்கலாகாது என்பது மற்றொன்று. விதியை விதிக்கும் இந்நூல்கள், தமிழ் மாணவர் எங்கே, ஏன் இடறுகின்றார் என்பதை ஆராய்வதில்லை. பொல்பிட்டிய முதல் நுவரெலியா வரையுள்ள தோட்டப்புறங்களில் ஆங்கிலம் அச்சந்தரும் பாடமாக இருப்பதற்கு இக்குறையும் ஒரு காரணம் எனலாம்.

முதலாவதை நோக்குவோம். 'டூ நொட்' பேச்சில் 'டோன்ட்' ஆகின்றது. இத்தகைய சுருக்கங்களை 1710இல் ஜொனதன் சுவிஃப்ட் சாடி எழுதினார். ஆயினும் அவை ஒழிந்துவிடவில்லை. தமிழருக்கு இது புதிதன்று. 'போகவில்லை' என்பது மலையகப் பேச்சில் 'போகல' எனவும், யாழ்ப்பாணப் பேச்சில் 'போகேல்லை' எனவும் குறுகுகின்றது. 'வேண்டாம்' என்பது 'வேணாம்' ஆகின்றது. எனினும், பரீட்சைக் கட்டுரையில் 'போகல' என எழுதுவார் அரியர். பேச்சு வழக்கையும் எழுத்து வழக்கையும் பிரித்தாளும் பயிற்சி மாணவரிடம் ஏலவே உண்டு. ஆசிரியர் அதனைச் சுட்டிக்காட்டினாற் போதும்.

இரண்டாவதிலேயே உண்மையான இடர்ப்பாடு உள்ளது. 'ஒருவரும் வரவில்லை' என்னுந் தொடரில் எதிர்மறை வினையில் மட்டுமே உண்டு. 'ஒருவரும்' என்பது தன்னளவில் எதிர்மறைச் சொல் அன்று. ஆங்கிலத்து 'நோபடி'யோ எதிர்மறையைத் தன்னுள்ளே கொண்ட சொல். இரண்டையும் நேர்ச்சொற்களாக மனனஞ் செய்த மாணவர், வினையையும் எதிர்மறையாக்கி 'நோபடி டிட் நொட் கம்' என எழுதுகின்றார். அதுவோ 'வராதவர் ஒருவருமில்லை' எனப் பொருள்பட்டு, கருதியதற்கு முற்றும் மாறாகின்றது. எழுவாய் 'நோபடி' ஆயின், வினை உடன்பாடாகி 'நோபடி கேம்' என நிற்றல் வேண்டும். 'ஒருவரையும் காணவில்லை' என்பதற்கோ 'டிட் நொட் சீ எனிபடி' என்பது பொருந்தும். ஈண்டு எதிர்மறை, தமிழிற் போலவே, வினையோடு நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டாது 'இரு எதிர்மறை ஓர் உடன்பாடு' எனக் கணித வாய்பாடு போல் ஒப்புவிப்பதாற் பயனில்லை. 'வாராமல் இரான்' என்றால் வருவான் என்பதே பொருள் என அறிந்த மாணவருக்கு அவ்வாய்பாடு தெரியாததன்று.

அவ்விதி ஆங்கிலத்திலும் என்றும் நிலவியதன்று. சோசரும் சேக்ஸ்பியரும் எதிர்மறைகளை அடுக்கிப் பொருளை வலியுறுத்தினர். 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் முதலிய இலக்கண ஆசிரியர்களே அதனை வழுவென நிலைநாட்டினர். ஆங்கிலப் பேச்சு வழக்குகள் பலவற்றில் அவ்வடுக்கு இன்றும் வாழ்கின்றது. ஆகவே, இவ்வழுவை அறிவுக் குறைவின் அடையாளமாகக் கொண்டு மாணவரை நகைத்தல் தகாது. எனினும், வேலை விண்ணப்பமும் பரீட்சையும் அவ்விதியைக் கொண்டே அவரை அளக்கும். அதனை அவர் கற்றே ஆதல் வேண்டும்.

தமிழ்த் தொடரையும் ஆங்கிலத் தொடரையும் அருகருகே எழுதி, எதிர்மறை எச்சொல்லில் நிற்கின்றது எனக் காட்டும் ஒப்பீட்டுப் பாடமே இன்றைய தேவை. கையேடுகள் அதனைச் செய்யாதவரை, அப்பணி ஆசிரியரையே சாரும்.