தெய்வத்துக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் வெளியானது 1974-இல். இரண்டே ஆண்டில் அதற்குத் துணைநூலாக வந்த 'காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்' தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், எழுதியது. வடஐரோப்பியப் புராணத்தின் ஓடினுக்கு 300. 1980-இல் வந்த அடுத்த தெய்வ நூலில் இந்திரனும் விஷ்ணுவும் இதே கணக்குக்குள் இருந்தார்கள். முதல் நூலின் முன்னுரை சொன்ன நோக்கம் நியாயமானது: பாத்திரத்தை அளவில்லாமல் வளர்த்துக்கொண்டே போகிறவர்கள், ஓடினின் பலமே இவ்வளவுதான் என்று பார்த்தாவது நிதானத்துக்கு வரட்டும். ஆனால் எல்லை என்று எழுதிய எண், அடிக்க வேண்டிய இலக்காக மாறியது. தெய்வம் எதை விரும்புகிறது, மனிதரிடம் எதைக் கேட்கிறது என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை.

அந்த இடத்தைக் கொடுத்தது அதே ஆட்டத்துக்கான கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். 1989-இன் அவதார் நாவல்களில், தெய்வங்களுக்கெல்லாம் மேலான ஏயோ அவர்களை மண்ணுக்குத் தள்ளுகிறான். இனி அவரவர் பலம் அடியார்களின் பக்தியைப் பொறுத்தது என்று விதிக்கிறான். அந்தக் குழப்பத்தில் சில மனிதர்கள் தெய்வமாகிறார்கள். அவர்களோடு திரிந்த வாள்வீரன் கெலம்வோர் பின்னால் மரணத்தின் தெய்வமாகி, இறந்தவர்களை இரக்கத்தோடு விசாரிக்கிறான். நல்லவனுக்கு மறுமையில் குறையில்லை என்று தெரிந்ததும் வீரர்கள் உயிரைத் துச்சமாக எண்ணத் தொடங்குகிறார்கள். 1998-இல் வந்த 'குரூசிபிள்' நாவலில் அவன்மீது வரும் குற்றச்சாட்டு, மனிதத்தன்மையால் வந்த திறமையின்மை. இந்த வகை இலக்கியம் தொட்ட மிக நல்ல கேள்வி இது என்பேன்: இரக்கம் ஒரு குணமாக இருக்கும்வரை அழகு, பிரபஞ்சத்தின் சட்டமானால் என்ன ஆகும்?

ஆனால் அந்த உலகம் கேள்வியை ஒரு பக்கம் மட்டுமே கேட்டது. எந்தத் தெய்வத்தையும் நம்பாமல் இறந்தவர்களின் ஆன்மாவை அரித்துக் கரைக்கும் சுவர் ஒன்று அங்கே இருந்தது. கெலம்வோரின் ஆட்சியிலும் அது நிலைபெற்றது. தெய்வங்கள் பக்தியைத் தின்று வாழ்பவை என்றால், அந்தச் சுவர் அவற்றின் உணவுக்கான காவல். அங்கே வணங்குபவன் வரி கட்டுகிறான். நம்பிக்கை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டத்தில் பூசாரிக்கு மந்திரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும், தெய்வம் உறுதியாக இல்லாவிட்டால் விதிகள் நிற்காது என்பார்கள். கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வந்த எபெரான் என்னும் இன்னொரு ஆட்ட உலகம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அங்கே தெய்வங்கள் இறங்கி வருவதில்லை. இருக்கின்றனவா என்பதும் தெரியாது. நெறி கெட்ட பூசாரிக்கும் மந்திரம் பலிக்கிறது. விதி அப்படியே நிற்கிறது, சாட்சி மட்டும் விலகிவிட்டது. இதில் நட்டமும் உண்டு: கெலம்வோரின் வழக்கு மாதிரி ஒரு கதை அங்கே பிறக்காது. அந்த நட்டத்தை ஏற்கலாம். ஊழல் பூசாரி நோயாளியைக் குணப்படுத்தும்போது அவனைக் காட்டிக்கொடுப்பதா, கும்பிடுவதா என்பதை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.