அக்டோபர் ஆட்டமும் மார்ச் ஆட்டமும்

என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கும். ஒரு வாரம் போவதற்குள் 'இந்தப் பையன் தேறுவான், அவன் தேறமாட்டான்' என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். புதுமுக வீரர்களை ரசிக்க நினைப்பவர் முதலில் அந்தத் தீர்ப்புகளுக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்ததாக, யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைக் கடைசியில் பார்க்கப் பழக வேண்டும்.

2013 டிராஃப்டை (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுத்துக்கொள்வோம். 11-ஆவதாக ஃபிலடெல்பியா எடுத்த மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் மியாமிக்கு எதிராக 22 புள்ளி, 12 அசிஸ்ட், 9 ஸ்டீல் என்று பிய்த்து உதறினார். அந்த சீசனின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே. அதே டிராஃப்டில் 15-ஆவதாக மில்வாக்கிக்கு வந்தவர் யானிஸ் அன்டெடோகும்போ, கிரீஸின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன். முதல் சீசன் சராசரி 6.8 புள்ளிதான். ஆனால் 2019, 2020 இரண்டு ஆண்டும் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர்) ஆனவரும், 2021-இல் மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தவரும் அவர்தான். கார்ட்டர்-வில்லியம்ஸை ஃபிலடெல்பியா இரண்டாவது சீசன் முடியும் முன்பே வேறு அணிக்கு அனுப்பிவிட்டது.

இருவரும் இப்படி ஆவார்கள் என்று அப்போதே தெரிந்திருக்குமா? முழுதாகத் தெரிந்திருக்காது, ஆனால் தடயங்கள் இருந்தன. அந்த ஆண்டு லீக்கிலேயே வேகமாக ஆடிய அணி ஃபிலடெல்பியா. தொடர்ந்து 26 ஆட்டம் தோற்ற அணியும் அதுவே. அப்படிப்பட்ட அணியில் பந்து எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தால் எண்கள் தானாகக் குவியும். மூன்று புள்ளி வீச்சில் கார்ட்டர்-வில்லியம்ஸ் போட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் விழுந்தது. எதிரணிகள் அவரிடமிருந்து விலகி நின்று, 'போடு பார்க்கலாம்' என்று விட்டன. யானிஸிடம் பார்க்க வேண்டியிருந்ததோ வேறு. மைதானத்தின் பாதியை நாலைந்து எட்டில் கடக்கும் கால்கள், பின்னாலிருந்து ஓடிவந்து பந்தைத் தட்டிவிடும் கைகள். எந்தக் கோச்சாலும் கற்றுக்கொடுக்க முடியாதவை இவை. என்னைக் கேட்டால், ஒரு புதுமுகத்திடம் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் பயிற்சியில் வரலாம், வராமலும் போகலாம்.

இரண்டாவதாக, பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். டி.வி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நம் கண்ணும் அப்படியே ஓட வேண்டியதில்லை. எதிரணி ஸ்கிரீன் வைத்து வழிமறிக்கும்போது புதுமுகம் எந்தப் பக்கம் சுற்றி வருகிறார், பொய்யாக வீசுவதுபோல் காட்டினால் ஏமாந்து எகிறுகிறாரா, கால் தரையிலேயே நிற்கிறதா? விக்டர் வெம்பன்யாமா 2023 அக்டோபரில் சான் அன்டோனியோவுக்கு ஆடிய முதல் ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் வாங்கி, 23 நிமிடத்துக்கு மேல் களத்தில் நிற்க முடியாமல் போனார். அதே ஆள் அந்த சீசனை லீக்கிலேயே அதிக பிளாக் எடுத்தவராக முடித்தார்: ஆட்டத்துக்கு 3.6. அக்டோபர் ஆட்டம் ஒன்றையும் மார்ச் ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பதுபோல் சுகம் வேறில்லை. தவறு செய்வதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதே தவறு மார்ச்சிலும் நடக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்தில் யார் ஆடுகிறார்கள் என்பதும் முக்கியம். வெம்பன்யாமாவை முதலில் இன்னொரு சென்டருடன் சேர்த்து இறக்கினார்கள். பந்து கொண்டுவரும் வேலையை அதற்குப் பழக்கமில்லாத ஜெரமி சோஹனிடம் விட்டார்கள். டிசம்பரில் வெம்பன்யாமாவையே சென்டராக்கி, ஜனவரியில் டிரே ஜோன்ஸ் என்ற அசல் பாயிண்ட் கார்டைத் தொடக்க ஐவரில் சேர்த்ததும், அவருக்கு உயரத்தில் வந்து விழும் பாஸ்கள் கூடின. அணி 60 ஆட்டம் தோற்றதென்னவோ உண்மை. ஆனாலும் சிறந்த புதுமுகம் விருதுக்கு வெம்பன்யாமாவுக்கு எதிராக ஒரு ஓட்டுகூட விழவில்லை.

நம் ஊர் நேரப்படி இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். ஆபீஸ் போகிறவர் முழு ஆட்டம் பார்ப்பது நடக்காத காரியம். மூன்றாவது குவார்ட்டரின் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்தாலும் போதும். இடைவேளையில் கோச் சொன்னது பையன் மண்டையில் ஏறியதா என்று அதில் தெரிந்துவிடும்.

ஃப்ரீ த்ரோவை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கு அது மிகப் பிடித்த இடம். தடுக்க ஆளில்லை, அவசரமில்லை. கையின் உண்மை அங்கே வெளிப்படும். முதல் ஆண்டில் தொலைவீச்சு சரியாக விழாவிட்டாலும் ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதத்தை ஒட்டிப் போடுபவரை நம்பிக் காத்திருக்கலாம்.

தவறிய வீச்சிலும் பார்க்க விஷயமுண்டு. பந்து வலமோ இடமோ விலகினால் கோளாறு பெரும்பாலும் கையில். நேராகப் போய் வளையத்துக்கு முன்பே இறங்கினால் கால் ஓய்ந்துவிட்டது என்று பொருள். 1997 மே மாதம், பிளேஆஃப்பில் யூட்டாவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் 18 வயது கோபி பிரயண்ட் கடைசி நிமிடங்களில் நான்கு வீச்சுகளை வளையத்தில்கூடப் படாமல் விட்டார். ஒன்று நான்காவது குவார்ட்டரின் முடிவில், மூன்று கூடுதல் நேரத்தில். அவருடைய அணியான லேக்கர்ஸ் தோற்று வெளியேறியது. ஊரே சிரித்தது. ஆனால் பந்துகள் நேராகத்தான் போயின, தூரம்தான் எட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்துச் சொச்சம் ஆட்டம் ஆடிப் பழகிய உடம்பு, 82 ஆட்டமும் பிளேஆஃப்பும் கொண்ட சீசனின் முடிவில் அப்படித்தான் இருக்கும். பின்னாளில் கோபியும் இதே காரணத்தைத்தான் சொன்னார். அந்தக் கோடையில் காலுக்குப் பலம் சேர்க்க உழைத்தார். முதல் சீசனில் 7.6 ஆக இருந்த அவருடைய புள்ளிச் சராசரி அடுத்த சீசனில் 15.4 ஆனது, 1998 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க ஐவரில் ஒருவராகவும் இறங்கினார்.