பழைய வீடும் புதிய வாழ்வும்: ஜெப்ரி பாவாவின் இல்லம் குறித்து ஒரு நோக்கு

கொழும்பு 33 ஆம் ஒழுங்கையிலே வரிசையாக நின்ற 4 சிறு வீடுகளுள் ஒன்றைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) 1950களின் இறுதியிலே வாங்கினார். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் ஏனையவற்றையும் பெற்று, சிறு முற்றங்களை இடையிட்டு, வரிசையின் முதல் வீட்டை இடித்து மாடிகள் எழுப்பி, நான்கையும் ஒரே இல்லமாக்கினார். பழைய வீட்டை இன்றைய வாழ்வுக்கேற்பப் புதுக்கி விரித்தமைக்கு இதனினும் சிறந்த சான்று நம் நாட்டில் அரிது.

இவ்வீடு குறித்து இருவகைத் தீர்ப்புகள் கூறப்படலாம். இதனைச் சுதேசியக் கலையின் மறுமலர்ச்சி எனப் போற்றலாம்; வசதிபடைத்தோரின் இரசனை என ஒதுக்கலாம். இரண்டுமே வீட்டை வரலாற்றினின்றும் பிரித்து நோக்குவன. 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உருக்கும் கண்ணாடியும் அரிதாயின. உள்ளூர் ஓடும் மரமும் கல்லும், இடிந்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் புதிய மதிப்புப் பெற்றன. முற்றத்தின் வழியே காற்றையும் ஒளியையும் உள்ளே கொணர்ந்தமை பாவாவின் மேதைமை. ஆயின், அம்மேதைமை செயற்பட்ட களத்தை வரையறுத்தது பொருளாதாரமே.

இவ்வில்லத்தில் நிற்கும் செட்டிநாட்டுத் தூண்கள் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கன. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழிலால் திரண்ட மூலதனமே செட்டிநாட்டு மாளிகைகள் பலவற்றை எழுப்பியது. 1930களின் பெருமந்தத்தின்போது கடனை இறுக்க இயலாத உழவரின் காணிகள் செட்டிமார் கைக்குச் சென்றன. அத்தசாப்தத்தின் இறுதியிலே கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 4 இல் 1 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942 இல் ஜப்பானியப் படையெடுப்பு அவ்வருவாயைத் துண்டித்தது. பின்னாளிலே பராமரிக்க இயலாத மாளிகைகள் பல, தூண் தூணாகவும் கதவு கதவாகவும் விற்கப்பட்டன.

மாளிகையிலே செல்வத்தின் பறைசாற்றலாக நின்ற தூண், புதிய வீட்டிலே வெறும் அழகாகிறது. அதனை நிறுத்திய கடனும் உழைப்பும் கண்ணுக்கு மறைகின்றன. அம்மறைவை வெளிப்படுத்துவது விமர்சகரின் கடமையாகும். அதனாற் கலையழகு குன்றிவிடாது. காலிக் கோட்டையின் பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாறிவரும் இந்நாளிலே, எப்பொருளைக் காப்பது என்ற வினாவுடன், யாருடைய நினைவைக் காப்பது என்ற வினாவையும் நாம் எழுப்பியாக வேண்டும்.