வாசிப்பவர் ஆட வேண்டுமா?

தமிழ் ஒலிநூல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். உயிரே இல்லாமல் செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கிறார்கள் என்று குறைப்படுவது ஒரு கட்சி. ஓவர் ஆக்டிங், காது வலிக்கிறது என்று ஹெட்செட்டைக் கழற்றி வைப்பது இன்னொரு கட்சி. நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. செஞ்சிப் பக்கத்துக்காரன் இதில் சேர்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் ஒரே கதையைப் பகலில் ஒருவர் படித்துச் சொல்வார், இரவில் ஒரு குழு ஆடிக் காட்டும். இரண்டும் வெவ்வேறு வேலை என்பது கேட்க வந்தவர்களுக்குத் தெரியும்.

பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் உண்டு. திரௌபதி வழிபாட்டுக்கு அதுதான் ஆதி இடம் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதிக்கு, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று பொருள்படத் துணைத்தலைப்பு வைத்ததற்கும் அதுதான் காரணம். திரௌபதி கோயில்களில் கொடி ஏறிவிட்டால் பிற்பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்து விருத்தம் ஒன்றை ராகம் இழுத்துப் பாடுவார். பதம் பிரிப்பார். பிறகு பேச்சுத் தமிழுக்கு இறங்கிக் கதையைச் சொல்வார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளையும் அவர் சொல்லிவிடுவதில்லை. எதை எடுப்பது, எதைத் தாண்டுவது என்பது அவர் தீர்மானம். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவரும் இடத்தில் அவர் பாஞ்சாலியாக அழுவதில்லை. குரல் கொஞ்சம் தணியும், வாக்கியம் குறுகும், அவ்வளவுதான். அழுகை பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடமிருந்து வரும். அதே காட்சி இரவில் கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு வரும்போது துச்சாதனன் தொண்டை கிழியக் கத்தத்தான் வேண்டும். அங்கே கத்தாவிட்டால்தான் தப்பு.

இன்றைய தமிழ் ஒலிநூல் பிரசங்கியாரிடம் பாடம் கேட்கவில்லை. கூத்துக்காரரிடமும் கேட்கவில்லை. அது போய் நின்ற இடம் சினிமாவின் கதை வசன ரெக்கார்டு. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஒலிபெருக்கியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நாம். 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்றக் காட்சி கேசட்டில் ஓடாத டீக்கடை இருந்திருக்குமா என்பது சந்தேகம். வானொலி தன் பங்குக்கு நாடகங்களையும், ஒலிச்சித்திரம் என்ற பெயரில் முழுப் படங்களின் ஒலியையும் கொடுத்தது. காதால் கதை கேட்பது என்றால் பல குரல், பின்னணி இசை, இடி, குதிரைக் குளம்பு என்று நம் காது பழகிவிட்டது. அதனால் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை வாசித்தால் ஏதோ குறைகிறது என்று தோன்றுகிறது. குறைவது புத்தகத்தில் இல்லை.

பாம்பே கண்ணன் கல்கியின் நாவல்களைப் பல குரல்களில் ஒலிநூலாகத் தந்தது இந்த வழியின் சிறந்த எடுத்துக்காட்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் கல்கி அதற்கு இடம் கொடுக்கிற எழுத்தாளர். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. ஒரு வாரம் விட்டுப் படிக்கிற வாசகருக்காகவே எழுதியது. அதனால் முன்கதையை நினைவூட்டும், நேயர்களே என்று கூப்பிடாத குறையாகத் தோளில் கைபோட்டுப் பேசும், பக்கம் பக்கமாக உரையாடல் வரும். ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் வாய்ச்சண்டை போடும்போது இரண்டு குரல் இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து பாகத்தையும் அச்சில் முடிக்கமுடியாமல் விட்டவர்கள் காதால் முடித்திருக்கிறார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவேற்ற முடிகிறது. 2022இல் மணிரத்னத்தின் படம் வந்த பிறகு கேட்க வந்த கூட்டமும் பெருகியது. சிக்கல் என்னவென்றால், கல்கிக்குப் பொருந்திய சட்டையை எல்லா எழுத்தாளருக்கும் மாட்டிவிடுகிறார்கள்.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா ஸ்டூடியோ அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் காதர், புலியாக ஆடிக் காட்டுகிறான். அந்த நிமிஷத்தில் அவன் புலியாகவே ஆகிவிடுகிறான். ஆனால் கதையைச் சொல்வது அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண ஆள். அவனுடைய வாக்கியங்கள் கோப்பில் குறிப்பு எழுதுகிற மாதிரி வறண்டவை. அந்த வறட்சியால்தான் புலி நமக்குள் பாய்கிறது. வாசிப்பவர் அந்த இடத்தில் தாமே உறுமிக் காட்டினால், கூடவே கீபோர்டில் ஒரு திகில் இசையும் சேர்த்தால், எழுத்தாளர் மறைத்து வைத்ததைக் கொட்டிக் கவிழ்த்ததாகிவிடும். புதுமைப்பித்தனின் கிண்டலுக்கும் இதே கதி. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைச் சிரித்துக்கொண்டே வாசிக்கிறவர், கேட்பவர் சிரிக்க வேண்டிய இடத்தையெல்லாம் தாமே எடுத்துக்கொண்டுவிடுகிறார்.

அப்படியானால் ஒற்றைக் குரலில் நேராக வாசித்தால் போதுமா? போதாது. 'கதை ஓசை' நடத்தும் தீபிகா அருண் போன்றவர்களால் ஒரே ஆள் ஒரு முழு நாவலைத் தூக்கி நிறுத்த முடியும் என்பது தமிழில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் ஒற்றைக் குரல் வாசிப்பில் மறைந்துகொள்ள இடமில்லை. ல, ள, ழ தடுமாறினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதைக்கூட நான் மன்னித்துவிடுவேன், ஊர் வாகு என்று விடலாம். மன்னிக்கமுடியாதது மூச்சு விடுகிற இடம். 'கோட்டையைப் பார்க்க வந்த மன்னனின் தம்பி' என்று ஒரு தொடர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'வந்த' என்பதோடு கொஞ்சம் நிறுத்தினால் வந்தவன் தம்பி. 'மன்னனின்' வரை ஒரே மூச்சாகப் போய்விட்டால் வந்தவன் மன்னன். தமிழ் வாக்கியம் முழுக்க இப்படித்தான், எச்சங்களாகச் சேர்ந்துகொண்டே போய் கடைசியில் வினைமுற்றில் வந்து நிற்கிறது. வாசிப்பவருக்கு வாக்கியம் எங்கே முடியப்போகிறது என்பது அதைத் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வரியை முதன்முறையாகப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறவரை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லிலும் குரல் லேசாகத் திடுக்கிடும். பாரதப் பிரசங்கியாருக்கு இந்தத் தொல்லை இல்லை. பதம் பிரித்துப் பொருள் சொல்லாமல் அவர் தொழிலே கிடையாது.

வட்டார வழக்கு இன்னும் சிக்கல். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' எல்லாம் எங்கள் நடுநாட்டுப் பேச்சில் நடக்கிறவை. 'கோவேறு கழுதைகள்' நாயகி ஆரோக்கியத்தின் புலம்பலை வானொலித் தமிழில் நீட்டி முழக்கி வாசித்தால் அவள் மேடையில் நிற்கிறவளாகிவிடுகிறாள். சினிமாவில் கிராமத்துக்காரர் பேசுகிற பொத்தாம்பொதுவான இழுவையில் வாசித்தால் அதைவிட மோசம், கேலிபோல ஆகிவிடும். மண்ணின் பேச்சு வாயில் இருப்பவர் வாசிக்கட்டும். இல்லாதவர் எழுத்தில் உள்ளதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தச் சொற்களுக்குத் தாமே நடக்கத் தெரியும். திருநெல்வேலியும் கொங்கும் திண்டிவனமும் ஒரே ஆளின் தொண்டையிலிருந்து வரவேண்டும் என்று யார் கேட்டார்கள்?

நடிப்புக்கு எதிரான வாதத்தில் வலுவான சாட்சிகள் பார்வையற்ற வாசகர்கள். ஒலிநூலே அவர்களுக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவில் 1934இல் காங்கிரஸ் நூலகத்தின் வழியாகவும், பிரிட்டனில் 1935இல் முதல் உலகப்போரில் பார்வை இழந்த படைவீரர்களை மனத்தில் வைத்தும் இசைத்தட்டுகளில் பேசும் புத்தகங்கள் வந்தன. பிரிட்டனில் முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' கதையும் உண்டு. வாசிப்பவர் எவ்வளவு நடிக்கலாம் என்ற வாக்குவாதமும் கூடவே தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்ற அனுமதி தந்தார்கள். அடுத்த ஆண்டு உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற பார்வையற்ற மாணவருக்கு வேண்டியது புத்தகம், நாடகம் அல்ல. கணினிக் குரலை இரட்டை வேகத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு, வாசிப்பவரின் விம்மல் குறுக்கே விழுந்த கட்டை. அவர்களுக்கு ஒலிநூல் ஒரு மாற்று வழி அல்ல, அதுதான் படிப்பு. தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரை விழுந்த பெரியவருக்கும்கூட ஏறக்குறைய அப்படித்தான். கேட்பது படிப்பாகாது என்று மூக்கைச் சுளிக்கிற அன்பர்களுடன் வாதாட எனக்கு இஷ்டமில்லை. பாரதம் இந்த வட்டாரத்துக்குக் காது வழியாகத்தான் வந்தது.

ஆனால் பந்தலைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. பிரசங்கியார் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்ல முடியாது. யார் பந்தலில் எங்கே உட்காரலாம் என்பதை ஊரின் சாதி வரிசை தீர்மானித்திருந்தது. கேட்கக் கிடைத்த நூல்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று பேருந்தில் திண்டிவனம் போகிற பெண் தனக்கு வேண்டிய நாவலை, யாரிடமும் இடம் கேட்காமல், பின்னால் போய் முன்னால் வந்து கேட்கிறாள். இது சின்ன விஷயமில்லை. அவள் இழப்பது ஒன்றுதான். பிரசங்கியாருக்கு எதிரே முகங்கள் இருந்தன. யார் தூங்குகிறார்கள், யாருக்குப் புரியவில்லை என்று பார்த்து ஒரு துணைக்கதையை நுழைப்பார். பதிவான குரலுக்கு முகம் தெரியாது. பல வாசிப்பாளர்கள் அந்தப் பயத்தில்தான் மிகையாக நடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரே இல்லாதவரை இழுத்துப் பிடிக்கக் கையில் வேறு கயிறு இல்லை.

வியாபாரப் பக்கத்தில் குறை வேறு மாதிரி. ஆடிபிள் 2018இல் இந்தியக் கடையைத் திறந்தது. அதன் முன்னும் பின்னும் வந்த செயலிகளில் தமிழும் இருக்கிறது. ஆனால் கதைச்சுருக்கத்தை முழுநூல் என்ற பெயரில் விற்பது, எந்தப் பதிப்பை வாசிக்கிறார்கள் என்று சொல்லாமல் விடுவது, வாசித்தவர் பெயரையே போடாமல் இருப்பது எல்லாம் சாதாரணமாக நடக்கிறது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் கதையைக் கேட்காமல் வாசித்து யூடியூபில் போட்டுவிட்டு, அதை இலக்கியத் தொண்டு என்று சொல்லிக்கொள்வதும் நடக்கிறது. தொண்டு செய்கிறவர் முதலில் எழுத்தாளருக்கு ஒரு போன் போடலாம். இப்போது இயந்திரக் குரல் வேறு வந்துவிட்டது. உச்சரிப்பு பரவாயில்லை, ஆனால் அது எந்த இடத்திலும் மூச்சு முட்டுவதில்லை, எதையும் நினைத்து நிறுத்துவதுமில்லை.

எல்லா எழுத்தும் ஒரே மாதிரி வாசிப்பைக் கேட்பதில்லை என்பதற்குச் செஞ்சியிலேயே நல்ல சோதனை இருக்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதில் மாண்டவன் தேசிங்கு. அவன் கதைப்பாடல் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் பாட ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது. கல்யாணக் கோலத்தைக் கலைத்துவிட்டு நண்பன் போருக்கு வருகிற இடத்தில் ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். அச்சில் கண்ணை ஓட்டினால் அலுப்பு. செய்திக் குரலில் வாசித்தால் தாங்கமுடியாத அலுப்பு. பாடினால் அந்தத் திரும்ப வருதல்தான் குதிரையை ஓட்டுகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து தேசிங்கு கதை என்று போனில் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சினிமா இசை போட்ட பத்து நிமிடச் சுருக்கம். பெரிய எழுத்துப் பதிப்பை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக் கூத்துப் பாடகர் ஒருவர், வெட்டாமல், மிருதங்கமும் ஆர்மோனியமும் மட்டும் துணையாக, முழுவதையும் பாடிப் பதிவுசெய்து, பாடியவர் பெயரையும் பதிப்பையும் முகப்பில் போட்டு விற்கட்டும். சொன்ன விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.