மூடுபனிக்குள் ஒன்பது மடங்கு

துப்பாக்கிக்கு ஸ்கோப் தேடுபவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: எத்தனை மடங்கு? உலகெங்கும் அதிகம் விற்கும் வகைகளில் ஒன்று 3–9×40. உருவத்தை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்பது அதன் பொருள். கையில் பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஒன்பது பதினாறாகும், பதினாறு இருபத்துநான்காகும். எண் கூடினால் குறியும் கூடும் என்பது வாங்குபவரின் கணக்கு. திறந்த சமவெளியில், வெயிலில், அசையாத இலக்கை நோக்கிப் படுத்துக்கொண்டு சுடுபவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளில் அது கவிழ்ந்துபோகிறது. அங்கே தூரம் குறைவு, வெளிச்சம் குறைவு, தரை சரிவு. இலக்கு நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், மலைக்கு ஏற்ற ஸ்கோப் கடையில் மலிவாகவும் மதிப்பில்லாமலும் கிடக்கும் குறைந்த மடங்குக் கண்ணாடிதான் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

மலையகத்தில் துப்பாக்கி புதிதல்ல. 1850-க்கு முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்குப் பெருங்குழல் துப்பாக்கிகளை வைத்திருந்தார். மரைகளை வேட்டை நாய்களை விட்டு விரட்டிக் கத்தியால் குத்தி வீழ்த்தினார். 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு பெரிய அழிவுக்கும் ஸ்கோப் தேவைப்படவில்லை, ஏனென்றால் காட்டுக்குள் யானையும் வேட்டைக்காரனும் சில அடி தூரத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள். 1900-இல் தொடங்கி 1949-இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ரைபிள் பங்களாவில் இருந்தது, லயத்தில் இல்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு சிலர் வைத்திருப்பது பயிர்காவலுக்கான 12 போர் துவக்கு. அது ரவையைச் சிதறடிப்பது. குழல் நுனியிலுள்ள மணியே அதற்குப் போதும், ஸ்கோப் வீண்செலவு. மிஞ்சுவது இரண்டு: எயார் ரைபிள், மயக்க ஊசித் துப்பாக்கி. ஸ்கோப் பற்றிய விவாதத்துக்கு மலையகத்தில் உயிர்கொடுப்பது இரண்டாவதுதான்.

2020 மே 26 அன்று நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்தில், கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கிய நிலையில் காணப்பட்டது. அதை மயக்கி மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 அன்று இறந்துவிட்டது. காட்டுப்பன்றிக்குப் போட்ட கம்பியில் சிறுத்தை விழுவது அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் வனஜீவராசிகள் திணைக்களத்து மிருக வைத்தியர் தேயிலைச் செடிகளுக்கிடையே கால் ஊன்றி நின்று, பத்திலிருந்து இருபத்தைந்து மீற்றர் தூரத்துக்குள், துள்ளிக்கொண்டிருக்கும் ஒரு விலங்கின் தொடையிலோ தோளிலோ உள்ளங்கை அளவு தசையில் ஊசியைப் பாய்ச்ச வேண்டும். வயிற்றிலோ மார்பிலோ பட்டால் காப்பாற்ற வந்த ஊசியே கொன்றுவிடக்கூடும். பின்னால் ஊர்ச்சனம் கூடி நிற்கும். இதைவிடக் கடினமான சூடு மலையகத்தில் வேறு இல்லை. ஸ்கோப் தேர்வைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களமும் இல்லை.

ஒன்பது மடங்கில் வைத்த சாதாரண ஸ்கோப் 100 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 4 மீற்றர் அகலத்தைக் காட்டும். பதினைந்து மீற்றரில் அது 60 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். வாலை விட்டுவிட்டாலும் சிறுத்தையின் உடல் ஒரு மீற்றருக்கு மேல் நீளம். ஆக, கண்ணாடிக்குள் தெரிவது பாதிச் சிறுத்தை. அதுவும் கருஞ்சிறுத்தையானால் வெறும் கறுப்பு. தெரிவது தொடையா விலாவா என்பதை ஊகித்தாக வேண்டும். தூரத்து இலக்குக்கென்று குவியம் வைத்த கண்ணாடியாக இருந்தால் அந்தக் கறுப்பும் கலங்கலாகத்தான் தெரியும். விலங்கு ஒருமுறை துள்ளினால் வட்டத்தை விட்டே போய்விடும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது திரும்பி நிற்கும். மூன்று மடங்கில் அதே தூரத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தெரியும். முழு விலங்கும் கண்ணுக்குள் நிற்கும், அதன் அசைவை முன்கூட்டியே உணரவும் இடமிருக்கும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். மயக்க ஊசி மெதுவாகப் பறப்பது. செக்கனுக்கு 60 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இருபது மீற்றர் போவதற்குள் அது ஏறத்தாழ 54 சென்ரிமீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. இருபது மீற்றருக்கு ஜீரோ வைத்த, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் ஊசியும் ஒரே இடத்தில் படும்படி திருத்திய, துப்பாக்கியால் இருபத்தைந்து மீற்றரில் நிற்கும் விலங்கைக் குறிபார்த்தால் ஊசி 17 சென்ரிமீற்றர் தாழ்ந்து விழும். தொடைக்கு வைத்த குறி வெறும் காற்றைத் துளைத்துவிட்டுப் போகும். சரிவும் சேர்ந்துகொண்டால் பிழை வேறு பக்கம் திரும்புகிறது: முப்பது பாகைச் சரிவில், மேல்நோக்கியானாலும் கீழ்நோக்கியானாலும், அதே இருபது மீற்றரில் ஊசி குறியைவிட ஏழு சென்ரிமீற்றர் உயரே போய்ப் படும். தொடை இடுப்பெலும்பாகிவிடும். இந்த இரண்டு பிழைகளில் எதையும் உருப்பெருக்கம் திருத்தித் தராது. திருத்தக்கூடியவை தூரத்தை அறிந்துகொள்வதும் ஊசியைத் தள்ளும் வாயுவின் அழுத்தத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பதும்தான். லேசர் தூரமானி உதவலாம்தான். ஆனால் கனத்த மூடுபனியில் அதன் கதிர் பனியிலேயே பட்டுத் திரும்பிவிடும். மாலை நான்கு மணிக்கு நோர்வூட் பக்கம் பனி இறங்கும்போது எந்தக் கருவியை நம்புவது என்பது வெறும் தத்துவக் கேள்வி அல்ல.

அப்படியானால் ஸ்கோப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. திறந்த குறியில் சுடுபவரின் கண் பின்குறி, முன்குறி, இலக்கு என்ற மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முயல்கிறது. எந்தக் கண்ணாலும் அது முடியாது. நாற்பது வயதைத் தாண்டினால் பின்குறி மொத்தமாகவே மங்கிப்போகும். ஸ்கோப் குறுக்குக்கோட்டையும் இலக்கையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைக்கிறது. கண் செய்ய வேண்டிய வேலை மூன்றிலிருந்து ஒன்றாகிறது. இந்த நன்மை ஒரு மடங்கிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு மடங்கும் ஏதாவது ஒன்றை விலையாகக் கேட்கும். குறித் துல்லியத்துக்குப் பெயர்போன ஒலிம்பிக் 10 மீற்றர் எயார் ரைபிளைப் பாருங்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர். அங்கே உருப்பெருக்கும் கண்ணாடிக்கு அனுமதியே இல்லை, துளைக்குறிதான். ஓடும் இலக்குப் போட்டியில் ஸ்கோப் உண்டு, ஆனால் 10 மீற்றர் பிரிவில் நான்கு மடங்குக்கு மேல் விதி விடாது. அதன் 50 மீற்றர் வடிவத்தில் தட்டியின் மேல் வரைந்திருக்கும் உருவம் காட்டுப்பன்றி என்பது நம் பேச்சுக்குத் தற்செயலாக வாய்த்த பொருத்தம்.

வெளிச்சக் கணக்கும் பெரிய எண்ணுக்கு எதிராகவே நிற்கிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40-ஐ ஒன்பதால் வகுத்தால் 4.4 மில்லிமீற்றர், நான்கால் வகுத்தால் 10. இருட்டில் இளைஞனின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் விரியும். ஒன்பது மடங்கில் அந்தி நேரத்துக் கண் பட்டினி கிடக்கிறது. நான்கு மடங்கில் வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. ஐம்பது, ஐம்பத்தாறு மில்லிமீற்றர் முன்கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா என்பார்கள். ஓரளவு சரியாகும், ஆனால் கண்ணாடி குழலுக்கு மேலே இன்னும் உயர்ந்து போகும். பத்து மீற்றர் தூரத்துச் சூட்டில் அந்த உயரமே குறியைக் கெடுக்கும். மூடுபனி வேறு விதமான எதிரி. பனி வெளிச்சத்தைத் தடுப்பது மட்டுமில்லை, விலங்குக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. உருவத்தோடு சேர்ந்து பனியும் பெரிதாகிறது, அவ்வளவுதான். ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் வட்டவளைப் பக்கத்தில் இந்த நிலை நாள்கணக்கில் நீளும். ஆகவே மலையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது நல்ல பூச்சுள்ள கண்ணாடியும், உள்ளே ஈரம் புகாதபடி நைதரசன் நிரப்பி அடைத்த குழாயும், நடுவில் சின்ன ஒளிப்புள்ளியுள்ள தடித்த குறுக்குக்கோடும்தான். கண்பக்கத்துக் கண்ணாடியில் சொந்த மூச்சே படிந்துவிடும். அதைத் துடைக்க ஒரு காய்ந்த துணி வைத்திருப்பது இருபத்துநான்கு மடங்கைவிடப் பிரயோசனமானது.

எயார் ரைபிளில் கதை இன்னும் கேலிக்குரியதாகிறது. சுருள்வில் எயார் ரைபிள் முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைக்கும். வெடிமருந்து ரைபிளின் ஒருபக்க உதைப்புக்கென்று செய்த விலைகூடிய ஸ்கோப்பை இதில் பூட்டினால் அந்த முன்னோக்கிய உதைப்பில் உள்ளே உள்ள வில்லைகள் தளர்ந்து போகும். தூரத்துப் பொருளுக்குக் குவியம் வைத்த கண்ணாடி பதினைந்து மீற்றரில் உருவத்தைக் கலக்கியே காட்டும். காபன் டயொக்சைட் வாயுவில் இயங்கும் வகையானால் குளிரும் சேர்ந்துகொள்கிறது: 30 பாகைச் செல்சியஸில் ஏறத்தாழ 72 பார் உள்ள வாயு அழுத்தம் 10 பாகையில் 45 பாராக இறங்கிவிடுகிறது. கொழும்பில் ஜீரோ வைத்துக் கொண்டுவந்ததை நுவரெலியாவின் விடியலில் அப்படியே நம்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சின்ன ஈயக்குண்டு காட்டுப்பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். ஒன்பது மடங்கில் பெரிதாகத் தெரியும் பன்றி, இந்தத் துப்பாக்கிக்கு எட்டும் பலியாகத் தோன்றிவிடுகிறது. ஸ்கோப்பின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது: குண்டுக்கு இல்லாத வலுவை அது கண்ணுக்குக் காட்டுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மடங்கு கூடினால் விலங்கைச் சரியாக அடையாளம் காணலாம். செங்குரங்கு எது, பாதுகாக்கப்பட்ட மலைக் கருமந்தி எது, பன்றி எது, பற்றைக்குள் கொழுந்து பறிக்கக் குனிந்திருக்கும் பெண் யார் என்று பிரித்தறிவது உயிர் காக்கும் விஷயமல்லவா என்று கேட்கலாம். நோக்கம் சரி, கருவிதான் தவறு. அடையாளம் காணத் துப்பாக்கியை நீட்டுவது என்றால் அந்தப் பெண்ணை நோக்கியே குண்டு நிரப்பிய குழலைத் திருப்புவதாகும். அதற்குக் கழுத்தில் தொங்கும் இருகண் நோக்கி போதும். பார்த்து முடித்த பிறகு துப்பாக்கி உயரட்டும். ஆயிரம் யார் தூரத்தில் காகித இலக்கைத் துளைக்கும் போட்டிக்காரருக்கு இருபது, நாற்பது மடங்குகூட நியாயமே. அவருடைய இலக்கு அசையாது, தூரம் அளந்து வைத்தது, தரையில் பாய் விரித்துப் படுக்க நேரமும் உண்டு. தேயிலை மலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் மட்டும் கொஞ்சம் வெளி கிடைக்கும். அங்கும் கான்களும் பாறைகளும் பார்வையை மறைப்பதால் நூறு மீற்றருக்கு மேலான சூடு அரிது.

துப்பாக்கியே அரிதான இடத்தில் ஸ்கோப்பைப் பற்றி இவ்வளவு எதற்கு என்ற மறுப்பு இன்னும் கடுமையானது. சிறுத்தையைக் கொல்வது கம்பி, வேலிக்குள் போட்ட பிரேக் கேபிள். லீக்ஸையும் கரட்டையும் பன்றி கிளறிப் போட்டால் லயத்துக்காரருக்கு நட்டஈடு யார் தருவது? இந்தக் கேள்விக்கு ஸ்கோப்பில் பதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கம்பியும் கட்டுத்துவக்கும் பார்வை இல்லாத ஆயுதங்கள். பன்றிக்கும் சிறுத்தைக்கும் நாய்க்கும் அவை வித்தியாசம் காட்டுவதில்லை. யாரோ ஒருவர் நின்று, பார்த்து, தீர்மானித்துச் சுடும் ஒரு சூடு மட்டுமே அந்த வித்தியாசத்தைக் காட்டும். கம்பியில் சிக்கிய விலங்கை உயிரோடு எடுக்க இன்று அந்த ஒரு சூடுதான் இருக்கிறது. அதற்கு ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை போகும் கண்ணாடியோ, உருப்பெருக்கமே இல்லாத சிவப்புப்புள்ளிக் குறியோ போதும். பெரிய ஸ்கோப்புக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் வாங்க வேண்டியது பயிற்சி ஊசிகள். தேயிலைச் சரிவிலேயே சாக்கு மூட்டைகளை வைத்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து மீற்றரில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும், வெயிலிலும் பனியிலும் எய்து பார்த்து, ஒவ்வொரு தூரத்துக்கும் உரிய அழுத்தத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவைக்க அவை வேண்டும்.