சிப்பாய்க்கு வைத்த பாட்டு

திருப்புட்குழி, காஞ்சிபுரம் பக்கத்துத் தறிவீடுகளில் ஒரு காலத்தில் இலங்கை வானொலிதான் பேச்சுத்துணை. கால் மிதியில், கை நாடாவில், காது மட்டும் அறிவிப்பாளர் மயில்வாகனனிடம். மனிதர் என்ன வேகம் பேசுவார்!

அந்த அலை முதலில் நமக்காகக் கிளம்பியதல்ல. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. பர்மா வரை சிதறிக் கிடந்த நேசப்படைச் சிப்பாய்களுக்குப் பாட்டும் சிரிப்பும் அனுப்ப, கொழும்பிலிருந்து பேசியது அந்தத் தலைமையகத்தின் நிலையமான ரேடியோ சியாக். கடல் தாண்ட வேண்டுமே, அதனால் சிற்றலை. கொழும்பை அடுத்த எக்கலையில் அதன் 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வேலைக்கு வந்தபோது போரே முடிந்திருந்தது! 1949இல் எல்லாம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட, இங்கே ரேடியோ முள் தானாகக் கொழும்புக்குத் திரும்பியது.

சிற்றலையின் ருசியே தனி. மயிரிழை திருப்பினால் சீன மொழி. மறுபடி தொட்டால் டி.எம்.எஸ். சரணத்தில் குரல் தேய்ந்து, இரைச்சலில் முங்கி, பல்லவிக்குச் சரியாக மேலே வரும். இன்றைய துல்லிய ஒலியில் அந்தத் தவிப்பு ஏது?

1957இல் நம்மவர்களும் விழித்து விவித் பாரதியைத் தொடங்கினார்கள். அதன் ‘ஜெய்மாலா’வில் எல்லைச் சிப்பாய்களே பாட்டுக் கேட்டு எழுதினார்கள், சினிமா நட்சத்திரங்கள் வந்து தொகுத்தார்கள். இருந்தாலும் என் ஓட்டு கொழும்புக்கே.