ஒரு மேடையோடு முடிந்த இசை

1995 ஜூன் 3. நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் டைனமோ ஓப்பன் ஏர் இசை விழா. அன்று மேடையேறிய நெயில்பாம் குழுவுக்கு அதுதான் முதல் பெரிய மேடை. கூட்டணி அதோடு கலைந்தும் போனது. பிரேசிலின் செபுல்ட்சுரா குழுப் பாடகர் மேக்ஸ் கவலேராவும் இங்கிலாந்தின் ஃபட்ஜ் டனல் குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் நியூபோர்ட்டும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கைகோத்து, 1994-ல் 'பாயின்ட் பிளாங்க்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். கிட்டாரின் உறுமலோடு இயந்திரத் தாளமும் வெட்டி ஒட்டிய ஒலித்துண்டுகளும் மோதும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் அது. டைனமோ மேடைப் பதிவு 1995-லேயே தனி ஆல்பமாக வந்தது. அவ்வளவுதான் கணக்கு.

இருவருக்கும் சொந்தக் குழுக்கள் இருந்தன. நெயில்பாம் சோறு போட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அத்தனை மூர்க்கமாக ஒலிக்க முடிந்தது என்று தோன்றுகிறது.

இந்த இசைக்கும் ஆலைக்கும் உள்ள உறவு வெறும் பெயரளவில் நிற்பதல்ல. பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு, பதினேழு வயதில், வேலையின் கடைசி நாளில், வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே செய்த விரல்நுனிகளை மாட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிறகு சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் கனத்த ஒலி இப்படிப் பிறந்தது. அதே ஊரில் 1988-ல் உருவான காட்ஃபிளெஷ் குழு டிரம்மரே வேண்டாமென்று டிரம் மெஷினை வைத்துக்கொண்டது. களைப்பே அறியாத அந்த அடி 1989-ல் வந்த 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பம் முழுக்கக் கேட்கிறது.

சத்தம்தான் மூலப்பொருள் என்றால் சங்கரன்கோவிலில் அதற்குப் பஞ்சமில்லை. விசைத்தறி ஊர். நாடா இங்குமங்கும் பாயும் ஓசை தெருவுக்கே கேட்கும். ஆடித்தபசு வந்தால் தவிலும் உருமியும் வேறு. ஆனாலும் தறிச் சத்தத்தைக் கிட்டாரோடு கோத்து மேடையேற்றிய பெயர்பெற்ற குழு ஒன்றை இந்தப் பக்கத்தில் காட்ட முடியாது. ஆம்ப்ளிஃபையர், ஒத்திகைக்கு இடம், டிக்கெட் வாங்கிக் கேட்கும் கூட்டம் என மூன்றும் சேர்ந்தால்தான் குழு நிற்கும். மூன்றும் ஓரளவு சேர்ந்த இடம் சென்னை.

அங்கேயும் குழுக்களின் ஆயுள் குறைவுதான், காரணம் கோடம்பாக்கம். 1980-களில் ஏ.ஆர்.ரஹ்மான் கீபோர்டு வாசித்த 'ரூட்ஸ்' குழுவில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோர் இருந்தார்கள். 'நெமிசிஸ் அவென்யூ' ரஹ்மானின் இன்னொரு ராக் குழு. 1992-ல் 'ரோஜா' வந்தது. குழுவில் பழகிய கைகள் திரைப்பாடல் பதிவுக்குள் போயின. சுரேஷ் பீட்டர்ஸின் குரலை 'சிக்குபுக்கு ரயிலே', 'பேட்டை ராப்' வழியாகத் தமிழ்நாடே அறியும். பின்னாளில் 'தென்காசிப்பட்டணம்' படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. இசைக்குழு தோற்றது என்று இதைச் சொல்ல முடியாது. ஒலிக்கூடமும் சம்பளமும் ஒரே வாசலில் கிடைத்தன, அந்த வாசலுக்குப் போனார்கள். இயந்திரத் தாளமும் கீபோர்டும் தமிழ்க் காதுக்குப் பழகியது இந்த வழியில்தான். கடும் கிட்டார் இசைக்கு மிஞ்சியது கல்லூரி மேடை. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ஸ்வீடனின் ஒபெத் குழு வாசித்தது அந்த வட்டத்துக்குப் பெரிய நிகழ்வு.

கோடம்பாக்கத்தின் ஈர்ப்பு எட்டாத சிங்கப்பூரில் கதை வேறு. 1992-ல் அங்கே தொடங்கிய ருத்ரா என்ற மெட்டல் குழு, பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிரின் தலைமையில் பல ஆல்பங்களைத் தந்திருக்கிறது. 2003-ல் 'குருக்ஷேத்ரா', பிறகு 2005, 2009, 2011 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக 'பிரம்மவித்யா'. 'வேத மெட்டல்' என்று தனக்கே ஒரு வகையைச் சூட்டிக்கொண்ட இந்தக் குழு இண்டஸ்ட்ரியல் பக்கம் போகவில்லை. ஆலைக்குப் பதில் உபநிடதத்தைப் பிடித்துக்கொண்டது. பாடல்களில் ஆங்கிலமும் சமஸ்கிருதமுமே மேலோங்கி நிற்கின்றன. பறையும் உருமியும் தெரிந்த காதுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.